தலைவரின் இடது கன்னம்

காலையில் விளக்கைப் போட்டு, மூடியை எடுத்துவிட்டு, வழக்கம்போலத் தலைவருக்குள் அவள் வெப்பமானியை விட்டபோது திரவம் சூடாக இருந்தது. கொதிக்கிற சூடு இல்லை. தூங்கி எழுந்த ஆளின் கன்னத்தைத் தொட்டால் தெரியுமே, அந்தச் சூடு. ராத்திரி முழுக்க ஏசி ஓடிக்கொண்டிருந்த அறை அது. மேசையின் இரும்பு விளிம்பு விரலில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. எதுவும் சூடாக இருக்க வழியே இல்லை. வெப்பமானி கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொன்றைக் கொண்டுவந்து விட்டாள். அதுவும் அதையே சொன்னது. வலது பக்கத்தில் விட்டுப் பார்த்தாள். அங்கே இருக்க வேண்டிய அளவில், சில்லென்று இருந்தது. மறுபடி இடது பக்கம் வந்தாள். கடைசியில், செய்யவே கூடாது என்று புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லித்தருகிற காரியத்தைச் செய்தாள். கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் விரலை உள்ளே விட்டு, அடியில் காது இருக்கிற இடம்வரை கொண்டுபோனாள்.

அங்கேதான் சூடு அதிகம்.

தலைவர் என்று அவர்கள் சொன்னது ஒரு தலையை. செல்ஃபோன்கள் கடைக்குப் போவதற்கு முன்னால், அவற்றின் கதிர்வீச்சில் எவ்வளவு மனிதத் தலைக்குள் இறங்குகிறது என்று அளந்து சொல்லும் சோதனைக்கூடம் அது. உயிருள்ள தலைக்குள் ஊசியை விட்டு அளக்க முடியாது என்பதால் மேசையில் பதித்த ஒரு பொய்த்தலை. அதுவும் முழுத்தலை இல்லை. நடுவில் பிளந்து, இடது பாதி ஒரு பக்கம், வலது பாதி ஒரு பக்கம் என்று கன்னம் கீழே இருக்கும்படி படுக்கவைத்த இரண்டு கிண்ணங்கள். உள்ளே மூளைக்குப் பதிலாகச் சர்க்கரையும் உப்பும் இன்னும் சிலதும் கரைத்த தண்ணீர். கீழேயிருந்து கன்னத்தோடு ஃபோனை ஒட்டிப் பிடிக்க ஒரு பிடி. மேலேயிருந்து ஒரு இயந்திரக் கை, நுனியில் ஊசி போன்ற கருவியோடு மெல்ல இறங்கி, ஒவ்வொரு புள்ளியாக அளந்துவிட்டு ஏறும். கண் கிடையாது. வாய் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வளைவு மட்டும். உடம்பே இல்லாமல் தலை மட்டும் இருப்பதால் தலைவர். யார் எந்த ஃபோனைக் கொடுத்தாலும் வாங்கிக் காதில் வைத்துக்கொள்வார், ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லமாட்டார் என்று பழைய கேலி ஒன்று அங்கே உண்டு.

அவர் இருந்த அறை இரும்பு அறை. சுவர், கூரை, கதவு எல்லாம் இரும்பு; வெளியிலிருந்து எந்த சிக்னலும் உள்ளே நுழையாது. கதவைச் சாத்தினால் கையிலிருக்கும் ஃபோன் செத்துப்போகும். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சுக் கூம்புகள் ஒட்டியிருப்பதால் குரலும் அப்படித்தான். பேசினால் சொல் உதட்டை விட்டுத் தாண்டாது. அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கும். வீட்டில் அது கிடைக்காது.

வீட்டில் அவள் கணவர் இருந்தார். லாரி புக்கிங் ஏஜென்ட். எந்த ஊரில் எந்த வண்டி காலியாக நிற்கிறது, எந்த டிரைவர் எங்கே படுத்துவிட்டான் என்று விடிந்ததிலிருந்து ஃபோனிலேயே கத்திக்கொண்டிருக்கும் தொழில். இடது காது, இடது தோள், ஃபோன் மூன்றும் ஒரே உறுப்பாகிவிட்டிருந்தன. சாப்பிடும்போதும் அப்படி, செருப்பு மாட்டும்போதும் அப்படி. எதிராளி பேசும்போது "ம்... ம்..." என்று தொண்டைக்குள் ஒரு சத்தம் கொடுத்துக்கொண்டே இருப்பார். கல்யாணமான புதிதில், ஃபோனை வைத்துவிட்டுத் திரும்பட்டும் என்று அவள் பக்கத்தில் நின்று காத்திருந்திருக்கிறாள். பிறகு அது விட்டுப்போயிற்று. பல வருடமாக அவருடைய வலது கன்னத்தோடுதான் அவள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தாள்.

சொல்லிப் பார்க்காமல் இல்லை. ஸ்பீக்கரில் போடுங்கள், இயர்ஃபோன் மாட்டிக்கொள்ளுங்கள், தலையணைக்கு அடியில் வைக்காதீர்கள், சிக்னல் குறைவான இடத்தில் ஃபோன் இன்னும் மூச்சைப் பிடித்துக் கத்தும், அங்கேயாவது காதில் ஒட்டாதீர்கள் என்று. இதனால் இன்ன வியாதி வரும் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அப்படி முடிவாக நிரூபித்த எதையும் அவள் படித்ததில்லை. படிக்காததைச் சொல்லும் வழக்கமும் இல்லை. காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தால் உள்ளே இறங்குவது நிறையக் குறையும், அவ்வளவுதான். அதை அவள் கையாலேயே தினமும் அளக்கிறாள். ஃபோன் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில்கூடப் பொடி எழுத்தில் அது இருக்கும். அந்தத் தாளைப் பிரித்துப் படித்த ஒருவரைக்கூட அவள் சந்தித்ததில்லை.

"உங்க ஆபீஸ்லதானே பாஸ் போடறீங்க? அப்புறம் என்ன?" என்பார் அவர்.

அந்த ஒரு கேள்விக்காகத்தான் அவள் அதைச் செய்தாள். போன வாரம் அவர் காய்ச்சலில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தபோது, தலையணைக்கு அடியிலிருந்து ஃபோனை உருவிக்கொண்டு வேலைக்கு வந்தாள். எல்லாரும் சாப்பிடப் போன நேரத்தில் அதில் சோதனைக்கான சிம்மைப் போட்டு, அவர் எப்படி வைத்துக்கொள்வாரோ அப்படியே தலைவரின் இடது கன்னத்தில் அழுத்தி ஒட்டிவைத்து, இயந்திரக் கையை முழுச்சுற்று ஓடவிட்டாள். வண்ணப்படம் வந்தது. காதுக்கு உள்ளே சிவப்பு, சுற்றி மஞ்சள், தள்ளித் தள்ளி நீலம். எல்லா ஃபோனுக்கும் வருகிற படம்தான். அனுமதித்த அளவுக்குள்தான் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். இந்தச் சிவப்பைப் பாருங்கள், இது உங்கள் தலை, என்றாள்.

அவர் படத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"பாஸா ஃபெயிலா?"

பாஸ் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் சிரித்தார். ஆனால் ஃபோனை எடுத்துப்போனதற்குச் சிரிக்கவில்லை. ஃபோனைத் தூக்கிக்கொண்டு போவது தன் தலையையே தூக்கிக்கொண்டு போனதற்குச் சமம், இன்னொரு தடவை இந்த வேலை வைத்துக்கொள்ளாதே என்று சொல்லிவிட்டு வலது கன்னத்தைக் காட்டித் திரும்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் திரவத்தில் சூடு.

அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்தபோது அவர் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து யாரோ ஒரு டிரைவரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார். டீ வைக்கக் குனிந்தவள், அவர் ஃபோனைக் கீழே வைத்த அந்த நொடியில் இடது காதைத் தொட்டுப் பார்த்தாள். சுடும் என்று நினைத்துத்தான் தொட்டாள். இத்தனை நேரம் பேசிய காது வேறெப்படி இருக்கும்? விரல் துள்ளி விலகியது. குழாயடியில் கிடக்கிற பாத்திரத்தைத் தொட்ட மாதிரி சில்லென்று இருந்தது.

"காது ஜில்லுனு இருக்கு" என்றாள்.

"சூடா இருந்தா சூடுன்னு சொல்வே. ஜில்லுனு இருந்தா அதுக்கும் சொல்வே. உனக்கு என்னதான் வேணும்?"

அதுதான் அவர் அவளிடம் எரிந்து விழுந்த கடைசி முறை.

மறுநாள் அவள் ஃபோன் எதையும் வைக்காமலே இயந்திரக் கையை ஓடவிட்டாள். வெறும் தலை. கீழே பிடி காலியாக இருந்தது. கதவு சாத்தியிருந்தது. கை இறங்கியது, நின்றது, ஏறியது. ஒவ்வொரு முறையும் திரவத்தின் மேல்பரப்பு சின்னதாக நெளிந்து, சர்க்கரைத் தண்ணீரின் அந்தத் தித்திப்பு வாடை, நாளான பழச்சாறு போல, ஏசிக் காற்றில் கலந்து அவள் மூக்கை எட்டியது. கதிர்வீச்சே இல்லாத இடத்தில் படம் முழுக்க நீலமாகத்தான் வரவேண்டும். காதருகே சிவப்பு வந்தது. அதற்கடுத்த நாள் அந்தச் சிவப்பு காதில் இல்லை. கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது. அதற்கும் அடுத்த நாள் இன்னும் உள்ளே, தலையின் நடுப்பகுதியை நோக்கி, வாசலில் நின்றுகொண்டிருந்த ஆள் மெல்ல வீட்டுக்குள் வந்து உட்கார இடம் தேடுகிற மாதிரி.

அவள் அறையின் எல்லா இயந்திரங்களையும் நிறுத்தினாள். விசிறிகள் சுழன்று அடங்கின. அந்த அறையில் அதற்குமுன் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதில்லை. தன் காதுக்குள் ரத்தம் ஓடுகிற சத்தம் அவளுக்கே கேட்டது. தரையில் மண்டியிட்டு, மேசைக்கு அடியில் தலையை விட்டு, ஃபோன் இருக்க வேண்டிய இடத்தில் தன் காதை வைத்தாள். தலைவரின் கன்னம் அவள் கன்னத்தில் பட்டது. வெதுவெதுப்பாக இருந்தது.

முதலில் ஒன்றும் இல்லை.

பிறகு, ஆழத்திலிருந்து, நீருக்கடியில் வாயை மூடிக்கொண்டு கொடுக்கிற சத்தம் போல.

ம்.

மேசையின் விளிம்பில் மண்டை இடிக்க எழுந்தாள். காற்றடைப்பு, குழாயில் குமிழி என்று சொல்லிக்கொண்டே கதவைத் திறந்து வெளியே வந்து, வராந்தாவில் வெயில் விழுந்த இடமாகப் பார்த்து நின்றாள்.

மேனேஜரிடம் படங்களைக் காட்டினாள். சத்தத்தைப் பற்றிச் சொல்லவில்லை; சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும். அவர் படங்களை ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்தார். கருவி பழசாகிவிட்டது, திரவமும் கெட்டிருக்கும், முழுக்கக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கச் சொல்கிறேன் என்றார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் அடுத்ததைச் சொன்னார்.

"இந்தப் படங்களை அழிச்சிடுங்க. ஃபோனே இல்லாம சிவப்பு காட்டுதுன்னு வெளிய தெரிஞ்சா, நாம இத்தனை வருஷமா அளந்த எதையும் ஒருத்தனும் நம்பமாட்டான்."

அழித்தாள். வேறு என்ன செய்வது?

இதற்கிடையில் வீட்டில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அவர் ஃபோனைக் காதில்தான் வைத்திருந்தார், ஆனால் பேசவில்லை. மணிக்கணக்கில் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தார். "ம்" கூடச் சொல்வதில்லை. டிரைவர்கள் அவள் நம்பருக்குக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சார் ஃபோனை எடுக்கிறார், ஆனால் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார், மூச்சுச் சத்தம்கூட வருவதில்லை என்றார்கள். அவள் எதைப் போட்டாலும் தட்டைக் காலி செய்தார். உப்பில்லாமல் போட்டுப் பார்த்தாள். அதையும் அப்படியே சாப்பிட்டார். முக்கியமாக, இப்போது அவள் உள்ளே வந்தால் முகம் முழுவதையும் அவள் பக்கம் திருப்பினார். இரண்டு கண்ணாலும் அவளைப் பார்த்தார். எத்தனை வருடத்துக்குப் பிறகு! முதல் இரண்டு நாள் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பின்னால்தான் அந்தச் சந்தோஷத்தை நினைத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். காதில் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், காது சுத்தமாக, புதுசாட்டம் இருக்கிறது என்றார். ஆள் நன்றாகத்தான் இருக்கிறார், உங்களுக்குத்தான் தூக்கம் போதவில்லை போலிருக்கிறது என்று அவளுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். சில்லென்று இருந்தது கை. கை மட்டும் இல்லை. தோளும்.

வேறு ஊரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் அன்று சாயங்காலம் அவளைக் கூப்பிட்டாள். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டாள். ஏன் என்றாள் இவள்.

"மத்தியானம் கூப்பிட்டாரும்மா. எப்பவும் சாப்பிட்டியா, படிச்சியான்னு கேட்டுட்டு வெச்சிடுவார் இல்ல? இன்னிக்கு வைக்கவே இல்ல. வெச்சிடாதே, வெச்சிடாதேன்னு சொல்லிட்டே இருந்தார்."

அவள் சமையலறைச் சுவரில் சாய்ந்துகொண்டாள். கூடத்தில் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

"சத்தம் ஒரு மாதிரி இருந்துச்சு. தண்ணிக்குள்ள இருந்து பேசற மாதிரி. எங்கப்பா இருக்கீங்கன்னு கேட்டேன். தெரியலம்மா, படுத்திருக்கேன், எழுந்திருக்க முடியலன்னார். மேல இருந்து ஊசி மாதிரி ஒண்ணு இறங்கி இறங்கிப் போகுதுன்னார். ஆஸ்பத்திரியில இருக்காராம்மா? என்கிட்ட மறைக்காதே."

மத்தியானம். டாக்டரிடம் போவதற்கு முன்னால் அவள் இரும்பு அறையில் கடைசிச் சுற்று ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா வீட்டில்தான் இருக்கிறார், காய்ச்சலில் ஏதோ உளறியிருப்பார் என்று மகளிடம் சொல்லி வைத்தாள். கூடத்துக்குப் போனாள். அவர் காதிலிருந்து ஃபோனை எடுத்தாள்; தடுக்காமல் கொடுத்தார். திரை கறுப்பாக இருந்தது. பட்டனை அழுத்தினாள், விடாமல் அழுத்தினாள். சார்ஜ் துளிகூட இல்லை. சார்ஜர் வயர் அலமாரியில் சுற்றி வைத்தபடி இருந்தது, அதன்மேல் தூசி. எத்தனை நாளாக அவர் செத்த ஃபோனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரியவில்லை.

"யார் பேசறாங்க இதுல?" என்று கேட்டாள்.

அவர் சிரித்தார். அழகான சிரிப்பு.

விடிந்ததும் கிளம்பினாள். என்ன செய்யப் போகிறோம் என்று அவளுக்குத் தெரியாது. மேனேஜர் காலில் விழுந்தாவது திரவத்தைக் கொட்டாமல் நிறுத்த வேண்டும், அது மட்டும் தெரிந்தது. வழியில் ஒரு வண்டி கவிழ்ந்து கிடந்தது. பஸ் நகரவில்லை. இறங்கி நடந்தாள், ஓடினாள், மூச்சு வாங்க நின்றாள், மறுபடி ஓடினாள். சோதனைக்கூடத்துக்குள் நுழைந்தபோது இரும்பு அறையின் கதவு அகலத் திறந்திருந்தது. தித்திப்பு வாடை வராந்தாவரை அடித்தது.

சர்க்கரை உள்ளே இருந்தான். திரவம் கலக்கிற பையனுக்கு அங்கே அதுதான் பெயர். எப்போதும் கையில் பிசுபிசுப்போடு திரிகிறவன். தலைவரின் அடியில் குழாயை மாட்டி, மறுமுனையைப் பின்பக்கச் சாக்கடையில் விட்டிருந்தான். வலது பாதி காலியாகிக் காய்ந்திருந்தது. இடது பாதியில் அடியில் கொஞ்சம் மிச்சம்.

"நிறுத்து" என்றாள். குரல் பஞ்சுச் சுவரில் செத்துப்போனது. இன்னும் கிட்டே போய், அவன் கையைப் பிடித்து, "நிறுத்துடா" என்றாள்.

அவன் பதறிப்போய்க் குழாயை மூடினான். மேனேஜர்தான் வந்ததும் முதல் வேலையாகக் கொட்டச் சொன்னார் என்றான். அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, இது சரியில்லக்கா. குழாய் வழியா போகும்போது என்னமோ சத்தம் வந்துச்சு. காத்துன்னுதான் நினைச்சேன். ஆனா காத்து அப்படி பேர் சொல்லிக் கூப்பிடுமா?"

யார் பெயரை என்று அவள் கேட்கவில்லை.

பின்பக்கம் போனாள். சாக்கடை மூடியின் ஓட்டைகளில் இன்னும் பிசுக்காக மினுங்கிக்கொண்டிருந்தது. எறும்பு ஒன்றுகூட வரவில்லை. குப்புறப் படுத்துக் காதை வைத்தாள். கீழே தண்ணீர் ஓடும் சத்தம். தூரத்தில். இன்னும் தூரத்தில். வேறு ஒன்றும் இல்லை.

இல்லை. இருந்தது. தேய்ந்து தேய்ந்து.

ம்... ம்... ம்.

திரும்பி ஓடிவந்து, மாதிரி எடுக்கிற பாட்டிலில் மிச்சத்தை வழித்து எடுத்தாள். அகப்பையால், பிறகு கையால், கிண்ணத்தின் அடியில் காதின் மடிப்புகளுக்குள் தேங்கியிருந்ததை விரலால் தோண்டி. பாட்டில் பாதிக்கு மேல் நிறைந்தது. துப்பட்டாவால் சுற்றினாள். சூடு துணியைத் தாண்டி உள்ளங்கையில் தெரிந்தது. உயிர் இருந்தது அதில். சர்க்கரை ஏதோ கேட்டுக்கொண்டே பின்னால் வந்தான். மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவள் நிற்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பாட்டிலை வயிற்றோடு அணைத்துக்கொண்டாள்; காற்று படாமல் முந்தானைபோலத் துணியை இழுத்து மூடினாள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆட்கள் ஏறினார்கள். எல்லார் காதிலும் ஒரு ஃபோன். இங்கே ஒருவர் யாரையோ திட்டினார், அங்கே ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், முன் சீட்டில் ஒருவர் ஃபோனைத் தோளால் காதோடு இடுக்கிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். அவளும் பாட்டிலை எடுத்து இடது காதில் வைத்துக்கொண்டாள். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

உள்ளே அவர் இருந்தார். சத்தம் சின்னதாக.

"இருங்க. வந்துட்டேன். வெச்சிடாதீங்க" என்றாள். பல வருடத்துக்குப் பிறகு அவர் முழுக்க அவள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாலத்துக்கு அருகில் பஸ் மறுபடி நின்றது. வெயில் கொளுத்தியது. ஆனாலும் பாட்டில் ஆறிக்கொண்டே வந்தது. வாயால் ஊதினாள். உடைக்குள் நெஞ்சோடு வைத்துப் பார்த்தாள். வீட்டுத் தெருவில் இறங்கியபோது வெதுவெதுப்பு மட்டும் மிச்சம்.

கதவு திறந்தே இருந்தது. திரைச்சீலைகளை யாரோ இழுத்து விட்டிருந்தார்கள். கூடம் மங்கலாக, மூடியிருந்த அறையின் வாடையோடு இருந்தது. அவர் நாற்காலியில் இல்லை. படுக்கையறையில், கட்டிலில், வலது பக்கமாகத் திரும்பி, இடது காது மேலே இருக்கும்படி ஏற்கெனவே படுத்திருந்தார். அவளுக்காகத்தான் என்பதுபோல. கண்கள் திறந்திருந்தன.

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள்.

பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டிலைத் திறந்தாள். தித்திப்பு வாடை. காதுக்கு எண்ணெய் விடுகிற மாதிரி, முதலில் ஒரு சொட்டு. உள்ளே போயிற்று. இன்னொரு சொட்டு. பிறகு மெல்லிய இழையாக விட்டாள். காது நிறைந்து வழியும், தலையணை நனையும், துணியால் ஒற்றிக்கொள்ளலாம் என்று துப்பட்டாவைத் தயாராகப் பிடித்திருந்தாள்.

வழியவில்லை.

இழையைத் தடிமனாக்கினாள். போய்க்கொண்டே இருந்தது. கால் பாட்டில். அரை பாட்டில். பாட்டிலைச் சாய்த்தே பிடித்தாள். ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை. ஒரு காதுக்குள் எவ்வளவு பிடிக்கும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் குறைவு. அந்த அளவை எப்போதோ தாண்டிவிட்டது.

பாட்டில் காலியாயிற்று. வாயைத் தட்டிக் கடைசிச் சொட்டையும் விட்டாள்.

காத்திருந்தாள். ஒரு "ம்" வரும் என்று.

அறை அமைதியாக இருந்தது. ஃபேன் ஓடவில்லை. தெருச் சத்தம்கூட இல்லை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள், தன் காதை அவர் காதுக்கு மேலே கொண்டுபோனாள். உள்ளேயிருந்து குளிர்ந்த காற்று லேசாக அவள் கன்னத்தில் பட்டது. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை.

பிறகு கேட்டது. மிகக் கீழே, காலித் தொட்டியின் தரையில், அவள் ஊற்றியது போய் விழுந்த சத்தம்.

அவர் தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் திருப்பி அவளைப் பார்த்தார். அன்பாகத்தான் பார்த்தார்.

"அவ்வளவுதானா?" என்றார்.

காதை மேலே காட்டியபடியே படுத்திருந்தார்.